ஆறாம் நம்பர் அண்ணி

அவளுடைய தொழில் ஆள் பிடிப்பது. வெளியில் சொன்னால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். வீட்டிலேயே புருஷன், "பிள்ளைபிடிக்காரி வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டுதான் கதவைத் திறப்பான். விஷயம் அவ்வளவு பயங்கரமானதில்லை. போனில் ஓடும் ஆப்களை ஊருக்கு வெளியிடுவதற்கு முன்னால், சாதாரண மனிதர்கள் கையில் கொடுத்து, அவர்கள் எங்கே திருதிருவென்று முழிக்கிறார்கள் என்று பார்க்கிற கம்பெனி ஒன்று மூன்றாவது மாடியில் இருந்தது. முழிப்பதற்கு மனிதர்கள் வேண்டுமே? அவர்களைத் தேடிப் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, சொன்ன நேரத்துக்கு நாற்காலியில் உட்கார வைப்பது அவள் பொறுப்பு. ஆபீசில் அவளுக்கு ஆள்பிடி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வேலை இருக்கிற நாளுக்கு மட்டும்தான் அவளுக்குச் சம்பளம். அதனால் அவளுக்கென்று மேஜை கிடையாது, நாற்காலியும் கிடையாது. பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். பிரிண்டர் ஓடினால் முதுகில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் அது சுகம்தான், மற்ற நாட்களில் வாய்விட்டுத் திட்டுவாள். "இந்த மருந்து ஆப் நல்லபடியா முடியட்டும், உன்னை நிரந்தரமாக்கிடுறேன். உனக்குன்னு மேஜை, நாற்காலி எல்லாம் வந்துடும்" என்று மேலாளர் அம்மா சொல்லியிருந்தார். ஆள்பிடி அன்றிலிருந்து மற்றவர்களின் நாற்காலிகள் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே இருந்தாள்.

மேலாளருக்கு இரண்டு விதிகள் உண்டு. சொந்தக்காரர்களைக் கூட்டிவரக் கூடாது. ஒருமுறை வந்தவரை ஆறு மாதத்துக்கு மறுபடி கூப்பிடக் கூடாது. "சொந்தக்காரங்க பாசத்துல பொய் சொல்வாங்க, வந்தவங்களே வந்தா பழக்கத்துல பொய் சொல்வாங்க" என்பார். ஆள்பிடி இதைப் போனில் நூறு பேரிடம் ஒப்பித்திருக்கிறாள். உங்கள் வீட்டில் யாராவது எங்கள் கம்பெனியில் வேலை செய்கிறார்களா என்பதுதான் அவள் எல்லாரிடமும் கேட்கும் முதல் கேள்வி.

அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அன்று ஆறு பேர் வரவேண்டும். ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள். ஆறாவது ஆள் ஒரு போட்டோகிராபர். காலையில் சத்தியம் பண்ணாத குறையாக வருகிறேன் என்றவன், வரவேண்டிய நேரத்தில் போனை அணைத்துவிட்டான். ஆள்பிடிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. படிக்கட்டில் இறங்கித் தெருவில் போகிற யாரையாவது மடக்கலாம் என்று வாசலுக்கு ஓடினால், வாசலில் அண்ணி நிற்கிறாள்.

அண்ணி என்றால் புருஷனின் அக்கா. அதே வீட்டில்தான் இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டு, ஒரு சலவைக்கடையின் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள், இன்னும் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. வருகிற துணியை விளக்குக்கு நேராகப் பிடித்து, காலரைத் திருப்பி, பையை உதறி, எங்கே கறை, எங்கே கிழிசல் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே அனுப்புவாள். பிறகு யாரும் கடையைக் குறை சொல்ல முடியாது. இந்தத் திறமையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் கொண்டு வருவாள். தம்பி அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. ஆள்பிடி கல்யாணமாகி வந்து ஒன்பது வருஷமாகிறது. அண்ணி வாயிலிருந்து "நல்லா இருக்கு" என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. சமைத்தாலும் சரி, துணி மடித்தாலும் சரி, தும்மினாலும் சரி, அதில் ஒரு குறை இருக்கும்.

"சாவியை மறந்துட்டு வந்திருக்கே. மறக்கக் கூடாதுன்னே ஒரு ஆணி அடிச்சு வெச்சிருக்கோம், அதுலயும் மாட்டலை. மேஜை மேல கிடந்துது" என்று ஆரம்பித்தாள் அண்ணி.

ஆள்பிடி அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி, ஒரு மணி நேரம் இருக்கா?"

"எதுக்கு?"

"உள்ள ஒரு தம்பி போனைக் குடுப்பான். அதுல மருந்து வாங்கணும். என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாது."

"உன்னைத் தெரியாத மாதிரி இருக்கிறதுல எனக்கென்ன கஷ்டம்?" என்றாள் அண்ணி.

வீட்டில் யாராவது இந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார்களா என்ற கேள்விக்கு நேராக, ஆள்பிடி தன் கையாலேயே 'இல்லை' என்று குறித்தாள்.  

சோதனை அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தப் பக்கம் இருட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஜன்னல். மேலாளர், ஆப்பை வரைகிற ஆட்கள், எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். கேள்வி கேட்க உள்ளே ஒரு இளைஞன். பூவுக்கு வலிக்குமோ என்று பேசுகிறவன், அதனால் அவனுக்குப் பூத்தம்பி என்று பெயர். சோதனைக்கு வருகிறவர்களுக்கு அங்கே பெயர் கிடையாது, நம்பர்தான். போகும்போது கையில் ஒரு பரிசுக் கூப்பன் கொடுப்பார்கள். அண்ணி ஆறாம் நம்பர்.

"அம்மா, மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே சத்தமா சொல்லிக்கிட்டே பண்ணுங்க. நாங்க சோதிக்கிறது இந்த ஆப்பை, உங்களை இல்ல. நீங்க தப்பே பண்ண முடியாது" என்றான் பூத்தம்பி. எல்லாரிடமும் சொல்வதுதான்.

"நான் தப்பே பண்ண மாட்டேன்னு எனக்குத் தெரியும் தம்பி. தோணுறதை எல்லாம் சொல்லலாமா? நிஜமாவா?"

"எல்லாத்தையும்."

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அண்ணி விஸ்வரூபம் எடுத்தாள். எழுத்து எறும்பு ஊர்வது போலிருக்கிறது என்றாள். பச்சையாக ஒரு பட்டன், சிவப்பாக ஒரு பட்டன், இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கட்டை விரல் உள்ளவர்கள் எங்கே போவது என்றாள். கடைசியில் மருந்தை அனுப்பச் சொல்லித் தட்டியபின், அது ஏற்கெனவே யாரோ போட்டு வைத்திருந்த பழைய முகவரிக்குக் கிளம்பிவிட்டது.

"எந்த வீட்டுக்குப் போகுதுன்னு எங்கயுமே கேக்கலையே. மாத்திரை என்ன, தெருவுல போறவங்ககிட்ட வழி கேட்டுக்கிட்டா வரும்?"

கண்ணாடிக்குப் பின்னால் மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். "யாரு இந்த அம்மா? எங்க புடிச்சே? தங்கம்!"

ஆள்பிடி அசடு வழிந்தாள். ஒன்பது வருஷமாக எந்த வாயை அடைக்க முடியாமல் வீட்டில் திண்டாடினாளோ, அந்த வாய் சொல்வதை இங்கே இத்தனை பேர் குனிந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த அண்ணிக்குக் கால் தரையில் படவில்லை. "நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிறான்டா அந்தப் பையன்! நடுவுல ஒரு வார்த்தை வெட்டலை. 'இன்னும் கொஞ்சம் சொல்லுங்கம்மா'ங்கிறான். இந்த வீட்டுல எவனாவது என்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சொல்லுன்னு சொல்லியிருக்கீங்களா?"

"ஏற்கெனவே சொல்றதே போதும்னுதான்க்கா" என்றான் தம்பி.

வினை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனசில் தோன்றுவதைச் சத்தமாகச் சொல்லும் பழக்கம் அண்ணியைப் பிடித்துக்கொண்டது. காலையில் குளியலறையிலிருந்து குரல் வரும். "இப்ப நான் குழாயைத் திறக்கிறேன். வெந்நீர் வரும்னு எதிர்பார்க்கிறேன். வரலை. எனக்கு ஏமாற்றமா இருக்கு." டிவி ரிமோட்டை எடுத்தால், "இதுல இருக்கிற பட்டன்ல எனக்கு வேண்டியது மூணு. மீதி எல்லாம் யாருக்காக?" தம்பி வேலைக்குச் சீக்கிரமே கிளம்ப ஆரம்பித்தான். "என்ன பண்ணி வெச்சிருக்கே எங்க அக்காவை?" என்று பொண்டாட்டியிடம் பல்லைக் கடித்தான்.

ஒரு மாதம் கழித்து மேலாளர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அந்த ஆறாம் நம்பர் அம்மா கிடைப்பாங்களா? அவங்க சொன்னதையெல்லாம் மாத்தியிருக்கோம். அவங்களே பார்த்துச் சொல்லட்டுமே."

"ஆறு மாசம் ஆகலையே மேடம்."

"தெரியும். விதி போட்டவளே நான்தான். இந்த ஒரு தடவை."

ஆள்பிடி அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நாற்காலி ஞாபகம் வந்தது, விழுங்கிவிட்டாள்.

இரண்டாவது முறைக்கு அண்ணி இஸ்திரி போட்ட புடவையில் வந்தாள். பொறுமையாகப் பார்த்தாள். எழுத்து பெரிதாகியிருந்தது, பட்டன்கள் தள்ளிப் போயிருந்தன. முகவரியை மாற்ற மட்டும் மூலையில் ஒரு பென்சில் படம் போட்டிருந்தார்கள். அதை அவள் நெடுநேரம் தேடினாள். கண்ணில் படவில்லை, கடைசியில் பூத்தம்பிதான் காட்டிக்கொடுத்தான்.

"இதுதான் முகவரியா? அதுக்கு முகவரின்னே எழுதினா என்ன, மை தீர்ந்துடுமா?" என்றாள். ஆனால் குரலில் பழைய காரம் இல்லை. சோதனை முடிந்ததும், "சட்டையில பொத்தான் தொங்குது பாரு, அப்படியே இரு" என்று கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, பூத்தம்பியின் மார்பில் இருந்த பொத்தானை இரண்டு நிமிஷத்தில் தைத்துவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் எல்லாரும் "ஆஹா" என்றார்கள். ஆள்பிடிக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது. இவ்வளவு பாசமாகப் பழகிவிட்டால் பிறகு எப்படிக் குறை சொல்வாள்?

மூன்றாவது சோதனைதான் கடைசி. மருந்துக் கம்பெனிக்காரரே நேரில் வந்து பார்க்கப் போகிறார். நல்லபடியாக முடிந்தால் அடுத்த வாரமே ஆப் வெளியாகும். "ஆறாம் நம்பர் கட்டாயம் இருக்கணும், அவர்கிட்ட அவங்களைப் பத்தி நிறைய சொல்லிட்டேன்" என்றார் மேலாளர். முந்தின நாள் சாப்பிடும்போது புருஷன்காரன் சும்மா இருக்கக் கூடாதா? "அக்கா, நாளைக்குப் பார்த்துப் பேசு. இது ஒழுங்கா முடிஞ்சாத்தான் இவளுக்கு வேலை நிரந்தரம்" என்று போட்டு உடைத்துவிட்டான். அண்ணி பதில் பேசவில்லை. அதுவே ஆள்பிடிக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் அண்ணிக்கு முன்னால் இரண்டு பேர். முதலில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒருவர். சமீபத்தில்தான் வீடு மாறியவர் என்பதால், சோதனைக்கென்று ஆப்பில் அவருடைய பழைய முகவரியையே போட்டு வைத்திருந்தார்கள். பென்சில் அவர் கண்ணில் படவே இல்லை. மாத்திரையைப் பழைய வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "முடிஞ்சுதுங்க" என்று திருப்தியாகக் கையைக் கட்டிக்கொண்டார். மருந்து பழைய வீட்டுக்குப் போய்விட்டது என்று பூத்தம்பி சொன்னபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "எனக்குத்தான் கண்ணு சரியில்ல போல. மன்னிச்சிடுங்க." நீங்கள் தப்பே செய்யவில்லை என்று பூத்தம்பி எவ்வளவோ சொன்னான். வழியனுப்பப் போன ஆள்பிடியிடம் வாசலிலும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டார். அடுத்து பள்ளி வேன் ஓட்டுகிற ஒரு பெண். அவளும் அங்கேயேதான் கோட்டை விட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் மருந்துக் கம்பெனிக்காரர் கையை உதறினார். "இவங்கெல்லாம் அவசரக்காரங்க. பென்சிலை நீலமாக்கியாச்சு, இதுக்கு மேல என்ன செய்யறது? அங்க எழுத்தைப் போட்டா அழகே போயிடும்."

அப்போதுதான் அண்ணி உள்ளே வந்தாள்.

உட்கார்ந்தாள், சிரித்தாள். ஆள்பிடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனைக் கையில் வாங்கிய அண்ணியின் விரல், எதையும் படிக்காமல், நேராகப் பென்சிலில் போய் நின்றது. முகவரி மாறியது, திரையில் மருந்து வந்தது, தட்டினாள், முடிந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"எழுத்து ரொம்ப நல்லா இருக்கு. நிறம் நல்லா இருக்கு. இந்தப் பென்சில் நல்லா இருக்கு, சட்டுன்னு தெரியுது."

"ஏதாவது குழப்பமா இருந்துதாம்மா?"

"இல்ல கண்ணா. எல்லாமே நல்லா இருக்கு."

பஸ் டிக்கெட்டைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் மடிக்கிற பெண் அவள். ஒரு கடிகாரம் வாங்கப் போனால் கடைக்காரருக்கே கடிகாரத்தின் மேல் வெறுப்பு வந்துவிடும். அவள் நல்லா இருக்கு என்று சொல்கிறாள், அதுவும் அடுக்கடுக்காக. கடைசியில் அண்ணி நிமிர்ந்து, முகம் பார்க்கிறவள் போலக் கண்ணாடியைப் பார்த்து, மிக லேசாகத் தலையை ஆட்டினாள். உனக்காக முடித்துவிட்டேன் என்பது போலிருந்தது அந்த ஆட்டல்.

இருட்டறையில் கைதட்டினார்கள். "பார்த்தீங்களா? இந்த அம்மாவே பறக்கிறாங்க! அவங்க ரெண்டு பேரை விடுங்க. வெளியிடலாம்" என்றார் கம்பெனிக்காரர். மேலாளர் திரும்பி ஆள்பிடியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மேஜை இருந்தது, நாற்காலி இருந்தது.

ஆள்பிடிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் இல்லை. அண்ணி தனக்காக இப்படி ஒரு காரியம் செய்வாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் லிஃப்ட்காரர் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்ட முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் அவரைப் போல எத்தனை பேர் பழைய வீட்டுக்கு மருந்தை அனுப்பிவிட்டு, வராத மருந்துக்காகக் காத்துக்கொண்டு, தங்கள் கண்ணைத் தாங்களே திட்டிக்கொள்ளப் போகிறார்களோ?

"மேடம், ஆறாம் நம்பர் சொன்னதைக் கணக்குல எடுக்காதீங்க" என்றாள்.

"ஏன்?"

"அவங்க என் நாத்தனார்."

 கம்பெனிக்காரர் திரும்பி, "என்ன விளையாட்டு இது?" என்றார்.

"பென்சில் எங்க இருக்குன்னு அவங்களுக்குப் போன தடவையே தெரியும். அவங்க எதையும் படிக்கவே இல்லை. அதோட, அவங்க எதையுமே நல்லா இருக்குன்னு சொல்ற ஆள் இல்ல சார். என் கல்யாணத்துக்குக்கூடச் சொன்னதில்ல. இன்னிக்கு எனக்காகச் சொல்றாங்க. முதல் தடவை ஆள் வரலைன்னு நான்தான் பொய் சொல்லி உள்ள அனுப்பினேன்."

மேலாளர் முகம் இறுகிப்போனது. கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். அங்கே அண்ணி பூத்தம்பியிடம், மெலிந்துவிட்டாயே, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"போ. நீயே போய்க் கேளு" என்றார் மேலாளர்.

சோதனை நடக்கும்போது ஆள்பிடி அந்த அறைக்குள் போனதே கிடையாது. போனாள். பூத்தம்பி எழுந்து இடம் விட்டான். அண்ணி பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"என்னடி இது, நீ உள்ள வரலாமா? யாராவது பார்த்துடப் போறாங்க."

"சொல்லிட்டேன் அண்ணி."

"என்னத்தை?"

"நீங்க யாருன்னு."

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அறிவிருக்கா உனக்கு? ராத்திரி பூரா தூக்கம் வராம, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பார்த்துட்டு வந்தேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒப்பிச்சேன். எல்லாத்தையும் கெடுத்துட்டு வந்து நிக்கிறியே! அந்தப் பென்சிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எப்படிப் பத்திக்கிட்டு வந்துது தெரியுமா? நீலமா இருந்தா மட்டும் தெரிஞ்சுடுமா? தெரிஞ்சவளுக்குத் தெரியும். தெரியாதவங்க மருந்து வரலைன்னு வாசலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கணுமா? இதைப் பண்ணினவன் வீட்டுல வயசானவங்களே கிடையாதா?"

மைக் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டறையில் ஒரு சொல் விடாமல் கேட்டது.

"இப்ப சொல்லுங்க அண்ணி. என் வேலை போச்சு, இனிமே அதைக் காப்பாத்த வேண்டாம். இது எப்படி இருக்கு?"

அண்ணி ஒரு பெருமூச்சு விட்டாள். போனை மறுபடி கையில் எடுத்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்தாள். அப்புறம் பேசினாள் பாருங்கள், சாயங்காலம் வரைக்கும் பேசினாள். கம்பெனிக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டார், அதன் பிறகு தன் ஆளைக் கூப்பிட்டு, "எழுதிக்கோ" என்றார். வெளியீடு தள்ளிப் போனது. பென்சில் போய், 'எந்த வீட்டுக்கு?' என்று பெரிய எழுத்தில் ஒரு கேள்வி வருவதாக முடிவானது.

மேலாளர் படிக்கட்டு வரை கூடவே வந்தார். "ரெண்டு விதி. ஒண்ணை நீ உடைச்சே. இன்னொண்ணை நான் உடைச்சேன். அதனால உன்னை நிறுத்தலை. ஆனா நாற்காலிப் பேச்சு இப்போதைக்கு இல்ல. இந்த அம்மா இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது. எதுக்குமே."

"சரி மேடம்" என்றாள் ஆள்பிடி. நியாயம்தான். 

பஸ்ஸில் ஜன்னலோரம் அண்ணி, பக்கத்தில் அவள். இரண்டு நிறுத்தம் வரைக்கும் அண்ணி எதையுமே குறை சொல்லவில்லை. கம்பி ஆடியது, முன் சீட்டின் பஞ்சு பிதுங்கியிருந்தது, எதிரே ஒரு ஆள் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான். அவள் பார்த்தும் பேசாமல் இருந்தாள்.

"நான் பொய் சொன்னது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் கடைசியில்.

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேற யாருக்காகவும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் வெளியே பார்த்தபடி.

"தெரியும் அண்ணி."

"இனிமே என்னைக் கூப்பிட மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"அந்தப் பையன் நடுவுல வெட்டவே மாட்டான். பதில் தெரிஞ்சாலும் வாயை மூடிக்கிட்டு இருப்பான். அது எனக்குப் பிடிச்சிருந்துது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கூப்பன் எல்லாம் எவனுக்கு வேணும்."

ஆள்பிடிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஒன்பது வருஷத்தில் அண்ணி ஒரு வாக்கியத்தை முடித்து அவள் கேட்டதாக ஞாபகமில்லை. 'சரி அண்ணி', 'பார்க்கிறேன் அண்ணி', 'அடுப்புல வேலை இருக்கு அண்ணி' என்று பாதியிலேயே கத்தரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஊரெல்லாம் அலைந்து பேசுவதற்கு ஆள் பிடித்தவள்தான்.

"என்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

"என்னத்தைச் சொல்றது?"

"எதை வேணா. நான் குறுக்கே பேச மாட்டேன். சத்தியமா."

அண்ணி சந்தேகத்தோடு அவளைப் பார்த்தாள். கைப்பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "நீ இருக்கியே," என்று ஆரம்பித்தாள், "கதவை மூடும்போது கைப்பிடியைத் திருப்பாமலே இழுக்கிறே. அது ஒண்ணு. பாத்திரத்தைக் கழுவி ஈரத்தோட ஒண்ணுக்குள்ள ஒண்ணு போடறே. அதைவிட உன் புருஷனுக்கு உடம்புக்கு வந்தா டாக்டர்கிட்ட ஓடறே, உனக்கு வந்தா ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஆபீசுக்குக் கிளம்பறே. போன மாசம் காய்ச்சலோட போனியே, நான் கடையில உட்கார்ந்துக்கிட்டு எப்படித் தவிச்சேன்னு உனக்குத் தெரியுமா? கேட்டா நாலு வார்த்தைக்குள்ள எழுந்து போயிடறே…"

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. பஸ் நின்றது, கண்டக்டர் அவர்கள் இறங்க வேண்டிய இடத்தின் பெயரைச் சொன்னார். எல்லாவற்றையும் கவனிக்கிற அண்ணி அதைக் கவனிக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தாள். அவளும் சொல்லவில்லை. பஸ் கிளம்பியது.